அந்துப்பூச்சியை அறிவோம்



நெல் மூட்டையைப் பிரிக்கிறோம். சின்னஞ்சிறு பூச்சிகள் பறக்கின்றன. அவை நெல் அந்துப்பூச்சிகள்.

இந்தப் பூச்சி ஏறக்குறைய ஒரு நெல்மணியின் நீளமே இருக்கும். நிறம் வைக்கோல் நிறம். பின் இறக்கையின் நுனி விரல்போல் நீண்டிருக்கும். ஓரத்தில் மயிர்க் குஞ்சம் இருக்கும்.

பிடித்தால் விரலில் மாவு ஒட்டும். அது மாவு அல்ல; நுண்ணிய செதில்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் இதே செதில்கள் உண்டு. அதனால் அறிஞர்கள் இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்தார்கள். 1789இல் ஒலிவியே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தப் பூச்சியை விவரித்தார். இதன் அறிவியல் பெயர் சிட்டோட்ரோகா செரியலெல்லா. சிட்டோட்ரோகா என்றால் தானியம் கொறிப்பது என்று பொருள்.

கொறிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. புழு மணிக்குள் புகுந்து தின்று வளரும். பூச்சியாகி வெளியே வந்தபின் மணியில் வட்டத் துளை தெரியும்.

அரிசியும் ரவையும் நூலாம்படை கட்டிக் கட்டியாக இருக்கிறதா? அது அரிசி அந்துப்பூச்சியின் வேலை. அது வேறு குடும்பம். கெட்டியான முதுகும் நீண்ட மூக்கும் இருந்தால் அது வண்டு.

துளை விழுந்த நெல் எடை குறையும். விதைநெல்லானால் முளைப்புக் கெடும். நெல் அந்துப்பூச்சி வயலிலேயே முற்றிய கதிரில் முட்டை இடும். ஆகவே அறுத்த நெல்லைத் தாமதிக்காமல் அடியுங்கள். கடித்தால் 'கடுக்'கென்று உடையும்வரை காய வையுங்கள். பழைய சாக்கை உதறி வெயிலில் போடுங்கள். பழைய நெல்லோடு புது நெல்லைக் கலக்காதீர்கள்.

பூச்சியை அறிந்தால் விதையைக் காக்கலாம்.