பனிக்காலப் பெருவழியும் பின்தொடரும் வண்டியும்

ஆற்றுப்படை நூல்களைக் கற்போர் பெரும்பாலும் புலவனின் வறுமையையும் வள்ளலின் கொடையையுமே நினைவில் கொள்கின்றனர். இடையே வரும் வழி கூறும் பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். மலைபடுகடாத்தின் 583 அடிகளுள் பெரும்பகுதி அவ்வழிக்கே உரியது. பன்றிக்கு வைத்த பொறி, புற்றுவாழ் பாம்பு, தினைப்புனத்திலிருந்து பாயும் கவண்கல், வழுக்கும் பாறை, இரவில் தங்குதற்குரிய குகை என்று எதற்கு அஞ்ச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புலவர் பெருங்கௌசிகனார் நிரல்படச் சொல்லுகிறார். இன்று ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நெடுந்தொலைவு கார் ஓட்டிச் செல்வோர்க்கு, அதிலும் காரின் பின்னே ஒரு வீட்டையே கோத்து இழுத்துச் செல்வோர்க்கு, அத்தகைய வழிநூல் ஒன்று தேவைப்படுகிறது. அதை அவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே வேறுபாடு.

ஓர் இணையரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பணி ஓய்வு பெற்ற கணவர். அவரினும் கூர்மையான மனைவி. வாழ்வது வட ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். கிறிஸ்துமசுக்கு ரோம் நகரில் வாழும் மகள் வீட்டுக்குச் சென்று, மார்ச்சு வரை அந்தப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். உடன் செல்வது காரவன். படுக்கை, அடுப்பு, கணப்பு, நீர்த்தொட்டி எல்லாம் அடங்கிய பின்வண்டி அது. ஹாம்பர்க்கிலிருந்து கேசல், நூரன்பெர்க், மியூனிக், இன்ஸ்புருக், வெரோனா, பொலோனா, பிளாரன்ஸ் வழியாக ரோம் வரை 1700 கிலோமீட்டருக்கும் மேல். கோடையில் இது இன்பச் செலவு. டிசம்பரிலோ, குறுக்கே நிற்பது ஆல்ப்ஸ்.

மனைவி ஒரு தாளை எடுத்து மேலே ‘24ஆம் நாள் மாலை ரோம்’ என்று எழுதுகிறார் என்று கொள்வோம். திட்டத்தின் முதற்பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது. குளிர்கால வழியில் மக்கள் இடருறுவதற்குப் பனி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குறித்த நாளில் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்னும் எண்ணமும் அவர்களை நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடுவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மியூனிக் நகரில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பனி பெய்து கிடந்தது. விமான நிலையமே இயங்கவில்லை, தொடர்வண்டிகள் நின்றன. அத்தகைய நாளில் ஒன்றரை டன் வண்டியை இழுத்துக்கொண்டு மலையேற எண்ணுபவருக்கு எந்தக் கருவியும் துணை செய்யாது. ஆதலின் அந்தத் தாளின் முதல் வரியை அடித்துவிட்டு, ‘22ஆம் நாள் சேர்ந்தால் நன்று, 27ஆம் நாள் சேர்ந்தாலும் குற்றமில்லை’ என்று எழுதி, அதை மகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும். தொலைபேசியில் நடக்கும் இந்த ஒரு சிறு உரையாடல் பனிச்சங்கிலியினும் பயனுடையது.

அடுத்து எண்ண வேண்டியது எடை. காரின் உச்ச எடை 2000 கிலோ, வண்டியின் உச்ச எடை 1500 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 3500. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘பி’ வகை ஓட்டுநர் உரிமத்திற்கு அதுவே வரம்பு. அதற்கு மேல் 4250 வரை செல்லக் கூடுதல் பயிற்சியும், அதையும் தாண்டினால் தனி உரிமமும் வேண்டும். கோடையில் இந்த வரம்புக்குள் நின்றவர்கள் குளிர்காலத்தில் அறியாமலே மீறிவிடுவதுண்டு. பனிச்சங்கிலி, மண்வெட்டி, கம்பளி, கூடுதல் எரிவாயு என்று ஒவ்வொன்றாக ஏறும். எடையின் அளவைப் போலவே அது அமரும் இடமும் முதன்மையானது. கனத்த பொருள்கள் வண்டியின் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்க வேண்டும். பின்புறத்தில் கனம் கூடினால் காரின் கொக்கியின் மேல் விழும் அழுத்தம் குறையும். அப்போது காற்று வீசினாலோ, பெரிய லாரி ஒன்று கடந்து சென்றாலோ வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்நிலையில் வேகத்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்று முயல்வது பெருந்தவறு.

இத்தகைய வண்டிகளில் பிரேக் வேலைசெய்யும் முறையும் அறியத்தக்கது. கார் மெதுவாகும்போது பின்வண்டி முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே கொக்கியிலுள்ள பொறியை அழுத்தி, வண்டியின் சக்கரங்களைப் பிடிக்கச் செய்கிறது. உலர்ந்த சாலையில் இது மிக நல்ல ஏற்பாடு. பனி மூடிய இறக்கத்தில் காரின் சக்கரங்களே வழுக்கும்போது, பின்னாலிருந்து வரும் தள்ளுதல் காரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். காரும் வண்டியும் நடுவில் மடிந்து சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏற்றத்தில் நின்றுபோவது இழிவு என்று கருதுவோர் பலர். ஏற்றத்தில் நிற்பவர் உயிரோடு நிற்கிறார். இறக்கத்தைப் பற்றித்தான் திட்டத்தில் மிகுதியாக எழுத வேண்டும்.

இங்கே மொழி பற்றிய ஒரு செய்தியை இடைப்பிறவரலாகக் கூறலாம். காலத்தை முன்பனி, பின்பனி எனப் பகுத்த தமிழ், பொருளைப் பகுக்கவில்லை. இலைநுனித் துளியும் பனி; மூடுவதும் பனி; மலையில் பெய்து கிடப்பதும் பனி. தமிழ் வழங்கும் நிலத்தில் அதற்குமேல் தேவை எழவில்லை. ஜெர்மானியர்க்கு இவை வேறு வேறு சொற்கள். அவற்றுள் அவர்கள் மிகவும் அஞ்சுவது ‘கிளாட்டைஸ்’ என்பதற்கே. சாலைமேல் கண்ணாடிபோல் உறைந்து, ஈரம் என்றே தோற்றம் தரும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் அது. வெண்பனியைக் கண்டால் ஓட்டுநர் தாமே மெதுவாகச் செல்வார். இதுவோ கண்ணுக்குப் புலனாவதில்லை. பாலங்களின் அடியிலும் குளிர்காற்று செல்வதால், சாலை உறையுமுன் பாலம் உறைந்துவிடும். கவிதையில் ‘பனிப்பாலம்’ என்று எழுதுவோர் இதனையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஜெர்மனியில் நாள் குறிக்கப்படவில்லை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். மலையும் பனித்திவலையும் பொறித்த முத்திரை உள்ள டயர்கள் மட்டுமே 2024 அக்டோபர் முதல் அங்கு ஏற்கப்படுகின்றன. ஆஸ்திரியாவில் பனிச்சூழல் நிலவும்போது நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை இவ்விதி பொருந்தும். இத்தாலியின் பல சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ, வண்டியில் சங்கிலியோ இருக்க வேண்டும். சுங்கத்திலும் இந்த வேறுபாடு உண்டு. சுவிட்சர்லாந்து வழியாகச் சென்றால் நெடுஞ்சாலை வில்லையைக் காருக்கும் பின்வண்டிக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். ஆஸ்திரியாவில் காருக்கு மட்டும் போதும், ஆனால் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம். இத்தாலியர் அச்சுகளை எண்ணிக் கட்டணம் கேட்கின்றனர். இவையெல்லாம் காசுக்கணக்கு, பிழைபட்டால் தண்டத்தோடு போகும். இவற்றைக் கேட்டறிவதிலேயே திட்டமிடல் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள்தாம் மிகுதி.

ஆல்ப்ஸைக் கடக்கும் இடம் எது என்பதே திட்டத்தின் உயிர்நிலை. 2469 மீட்டர் உயரமுள்ள பெரிய செயிண்ட் பெர்னார்ட் கணவாய் போன்றவை குளிர்காலம் முழுதும் மூடப்பட்டிருக்கும். பிரென்னர் கணவாயோ ஏறத்தாழ 1370 மீட்டர்தான். ஆண்டு முழுதும் திறந்திருப்பது. ஹாம்பர்க் இணையர்க்கு அதுவே வழி. மியூனிக்கிலிருந்து இன்ஸ்புருக் செல்லக் கார்மிஷ் வழி குறுகியது. ஆனால் முடிவில் செங்குத்தான சீர்லர் பெர்க் இறக்கம் காத்திருக்கிறது. கூஃப்ஸ்டைன் வழி நீளம். எனினும் இன் ஆற்றின் சமவெளிப் பள்ளத்தாக்கில் செல்வது. வழிகாட்டும் கருவி குறுகியதையே காட்டக்கூடும்; பின்னால் வண்டி இருப்பதை அது தானாக அறியாது. எனவே ‘கூஃப்ஸ்டைன்’ என்று தாளில் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும். பிரென்னர் சாலையிலும் லூயெக் பாலம் பழுதுபட்டதால் 2025 தொடக்கத்தில் பெரும்பாலான நாள்களுக்குத் திசைக்கு ஒரு தடமாகப் போக்குவரத்து குறைக்கப்பட்டது. புறப்படும் வாரத்தில் அதன் நிலையைக் கேட்டறிதல் கடமை. பனிச்சறுக்கு விடுதிகளில் ஆள் மாறும் சனிக்கிழமையைத் தவிர்த்து வாரத்தின் நடுவில் கடப்பதும் நன்று.

கனத்தை இழுத்துக்கொண்டு ஆல்ப்ஸைக் கடந்தோர் வரலாற்றில் பெயர் பெற்றவர் நெப்போலியன். 1800ஆம் ஆண்டு மே மாதம், பனி இன்னும் கரையாத செயிண்ட் பெர்னார்ட் கணவாய் வழியாக ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட படையை அவர் நடத்திச் சென்றார். பீரங்கிகளைச் சக்கரத்தின் மேல் இழுத்தால் கவிழும் என்பதால், சக்கரங்களைக் கழற்றிப் பிரித்து, குழல்களைக் குடைந்த மரங்களுக்குள் வைத்துக் கயிறு கட்டி வீரர்கள் இழுத்தனர். உச்சியில் பல நூற்றாண்டுகளாக வழிப்போக்கரைக் காத்துவந்த துறவியர் மடத்தில் உணவு வழங்கப்பட்டது. ஓவியர் டேவிட் 1801இல் தீட்டிய படத்தில் நெப்போலியன் பாய்ந்தெழும் குதிரைமேல் வீற்றிருக்கிறார். உண்மையில் அவர் ஏறிச்சென்றது கோவேறு கழுதை. அதை நடத்தியவர் அம்மலையில் வாழ்ந்த ஓர் எளியவர். அரை நூற்றாண்டுக்குப் பின் டெலரோஷ் என்னும் ஓவியர் அந்தக் கழுதையையும் வழிகாட்டியையும் வரைந்தார். குதிரை ஓவியமே இன்றும் புகழோடு உலவுகிறது. வழி தெரிந்தவர் டெலரோஷின் படத்தில்தான் இருக்கிறார்.

தங்குமிடங்களைக் குறிக்கும் வேலை பழமையானது. உரோமப் பேரரசின் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடத்தின் இடைக்காலப் படி வியன்னாவின் தேசிய நூலகத்தில் உள்ளது. நீளம் ஏறக்குறைய ஆறே முக்கால் மீட்டர். மலையும் கடலும் அதில் உரிய வடிவில் இல்லை. ஊரும், அடுத்த ஊருக்குள்ள தொலைவும் உண்டு. இன்று எங்கே உறங்குவது, நாளை எங்கே உறங்குவது என்பது மட்டுமே அதன் கவலை. அதன் கீழைக்கோடியில் முசிறித் துறைமுகமும் ஒரு கோயிலும் குறிக்கப்பட்டிருப்பது இந்த அவைக்கு இனிப்பான செய்தி.

அம்முறையிலேயே இணையரின் தாளும் அமைய வேண்டும். ஜெர்மனியில் பின்வண்டியோடு செல்வோர்க்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர். தனி ஒப்புதல் பெற்ற வண்டிக்கு 100. மியூனிக் பகுதியில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டரை மணி நேரத்திற்கும் குறைவு. இருளில் வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி நிறுத்துவது துன்பம். ஆகவே நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் போதும். முதல்நாள் கேசல், மறுநாள் நூரன்பெர்க். மூன்றாம் நாள் இன்ஸ்புருக் வரை மட்டும். அங்கே ஒரு நாள் வெறுமையாக விடப்பட வேண்டும். வானிலை நன்றானால் விடியலில் கணவாய். அன்றேல் இன்ஸ்புருக்கிலேயே இருப்பு. ஆல்ப்ஸைக் கடந்ததும் அச்சம் நீங்கிவிட்டதாக எண்ணுவோர் பொலோனாவுக்கும் பிளாரன்சுக்கும் இடையே அபினைன் மலைத்தொடர் இருப்பதை மறந்துவிடுகின்றனர். 2015இல் திறக்கப்பட்ட புதிய நெடுஞ்சாலைப் பகுதி அங்கே துணை செய்கிறது. என்றாலும் அங்கும் பனி உண்டு. முகாம்களுள் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருக்குமா என்று கேட்டு உறுதி செய்யாத பெயரைத் தாளில் எழுதலாகாது.

இரவுக்குரிய குறிப்புகள் மனைவியின் பொறுப்பில் இருப்பது நலம். கணப்புக்குப் பியூட்டேன் வாயு பயன்படாது. சுழியம் டிகிரியை ஒட்டியே அது ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் ஏறத்தாழ −42 டிகிரி வரை தாங்கும். தமிழ்நாட்டு அடுப்படியின் சிலிண்டரில் இருப்பது இவ்விரண்டின் கலவை. கடுங்குளிரில் 11 கிலோ சிலிண்டர் மூன்று நான்கு நாள்களில் தீர்ந்துவிடக்கூடும்; அயல்நாட்டில் அதை மாற்றிப் பெறுவது எளிதன்று. குளிர் கடுமையாக இருக்கும் இரவில் வண்டியின் கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் காலையில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைப்பதே முறை. புறப்படுமுன் ஏணி வைத்துக் கூரைமேல் கிடக்கும் பனியை அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் நெடுஞ்சாலையில் அது பாளமாகப் பெயர்ந்து பின்னே வருபவரின் கண்ணாடிமேல் விழும். அவர் யாரென்று இவர்கள் அறியப்போவதில்லை. திட்டத்தில் தம் பொருட்டு அன்றிப் பிறர் பொருட்டு எழுதப்படும் வரி அது ஒன்றே.

சங்கிலியைச் சக்கரத்தில் பூட்டும் பயிற்சியை வீட்டு முற்றத்திலேயே, பகலில், கையுறையோடு ஒருமுறையும் கையுறையின்றி ஒருமுறையும் இருவரும் செய்து பார்க்க வேண்டும். பூட்டிய பின் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. ஏணி, மண்வெட்டி, சங்கிலி மூன்றும் எல்லாப் பெட்டிகளுக்கும் பின்னர், கடைசியாக ஏற்றப்பட வேண்டியவை. வழியில் முதலில் தேவைப்படுபவை அவையே. மார்ச்சு மாதம் திரும்பும்போதும் ஏற்றும் முறை இதுவே. ஏனெனில் இத்தாலியின் விதி ஏப்ரல் 15 வரை நீடிக்கிறது, பிரென்னரில் பனி அதற்குப் பின்னும் பெய்வதுண்டு.