சொல் ஒன்று, பொருள் வேறு: பிரித்தானியரின் அன்றாடப் பேச்சு

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரித்தானியாவுக்குப் புதிதாக வருபவர் ஆங்கிலம் கற்றவராக இருப்பினும், முதற் சில மாதங்கள் தடுமாறுகிறார். சொற்கள் விளங்குகின்றன; சொல்பவரின் கருத்து விளங்குவதில்லை.

‘ஆர் யூ ஆல்ரைட்?’ என்று அயலவர் கேட்டதும், தமது முகத்தில் ஏதும் நோய் தெரிகிறதோ எனப் புதியவர் திகைக்கிறார். அது வெறும் முகமன். இங்கிலாந்தின் வடபகுதியில் ‘டீ’க்கு அழைத்தால், பல வீடுகளில் அது மாலை உணவைக் குறிக்கும். பேருந்தில் காலை மிதித்தவர் ‘சாரி’ என்கிறார். மிதிபட்டவரும் ‘சாரி’ என்கிறார். மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ் வேண்டுமென்றே வழிப்போக்கர்மீது மோதி இவ்வழக்கத்தைச் சோதித்து, 2004 இல் வெளிவந்த தமது நூலில் அதனை விவரித்துள்ளார்.

இவை சிரித்துக் கடக்கத்தக்கவை. கடுமையான செய்தியையும் மென்மையாகச் சொல்லும் வழக்கமோ அத்தகையதன்று. கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றருகே பிரித்தானியப் படையணி கடும் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் தளபதி பிரிகேடியர் பிரோடி நிலைமை சற்று இக்கட்டாக உள்ளதென்றே அமெரிக்க மேலதிகாரிக்குத் தெரிவித்தார் என்றும், அவர் ஆபத்தின் அளவை உணரவில்லை என்றும் கூறப்படுகிறது. குளொஸ்டர்சயர் படைப்பிரிவினர் 500 பேருக்கு மேல் சிறைப்பட்டனர். இருவரும் பேசியது ஆங்கிலமே.

இதே இடர் பாடசாலையிலும் உண்டு. ‘உங்கள் மகள் வகுப்பில் இன்னும் சற்றுக் கவனம் செலுத்தலாம்’ என்று ஆசிரியர் புன்னகையுடன் சொல்கிறார். குறை பெரிதில்லை எனத் தந்தை மகிழ்ந்து திரும்புகிறார். ஆசிரியர் விடுத்ததோ எச்சரிக்கை. ‘குவைட் குட்’ என்பது பலவேளைகளில் ‘ஓரளவு நன்று’ என்பதே. ‘நாட் பேட்’ என்பது பாராட்டாகவும் அமையும். பணியிடத்தில் ‘நேரம் கிடைத்தால் இதைப் பார்க்க முடியுமா?’ என்று மேலாளர் கேட்பது பெரும்பாலும் கட்டளையே.

மருத்துவரிடம் நிலைமை நேர்மாறாகிறது. ஊர்வழக்கைக் கற்றுக்கொண்ட தாய், நெஞ்சு வலியுடன் சென்றும், நலம் கேட்டதும் ‘நாட் டூ பேட்’ என்கிறார். சில நிமிடங்களே நீடிக்கும் சந்திப்பில் மரியாதைக்குச் சொன்ன சொல் நோயை மறைத்துவிடும். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வளவு கடுமை என்பவற்றை நேரடியாகச் சொல்லவேண்டும். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை; முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நன்று.

தமிழர்க்கும் இத்தகைய வழக்கு புதிதன்று. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாமல் ‘போய்வருகிறேன்’ என்கிறோம். அதனைக் கேட்டு, எப்போது திரும்பி வருவீர்கள் என்று தமிழர் எவரும் வினவுவதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் கைவரக் காலம் எடுக்கும்.

இளையோரே, இங்கு வளர்ந்த உங்களுக்கு அது ஏற்கெனவே கைவந்துள்ளது. பெற்றோருக்கு மொழிபெயர்க்கும்போது சொல்லை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள்; ஆசிரியர் உண்மையில் என்ன கருதினார் என்பதையும், அது உங்களைப் பற்றிய குறையாயினும், எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அவ்வாறு சொல்லும் பிள்ளையைச் சினவாதீர்கள். ஐயம் எழுந்தால், ‘இதற்கு வீட்டில் என்ன செய்யவேண்டும்?’ என்று ஆசிரியரிடமே கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்.