கப்பலிற் பியானோ: பிரயாணி தொடலாமா?

உல்லாசப் பிரயாணக் கப்பலொன்றின் நடுமண்டபத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பிற்பகல் நேரம். பிரயாணிகளுட் பலர் மேற்றளத்தில் வெயில் காய்கின்றனர். மண்டபத்தின் ஒரு புறத்தே கரிய பெரும் பியானோவொன்று நிற்கின்றது, வாசிப்பவரைக் காணோம். அவ்வழியே வரும் பிரயாணி ஒருவர், வீட்டிலே நாள்தோறும் பியானோ வாசிப்பவர், அதனைக் கண்டு நின்றுவிடுகின்றார். பிரயாணச் சீட்டுக்கு அவர் கொடுத்த பணத்தில் இந்தப் பியானோவும் அடங்குமா? அமர்ந்து வாசித்தால் யாரேனும் வந்து எழுப்பிவிடுவார்களா?

எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான விதியென்று ஒன்றில்லை. சில கப்பல்களில், நிகழ்ச்சி நடைபெறாத வேளைகளிற் பிரயாணிகள் வாசிப்பதை எவரும் தடுப்பதில்லை. வேறு சிலவற்றில் வாசிப்பு முடிந்ததும் பியானோவின் மூடி பூட்டப்பட்டுவிடும். இன்னும் சிலவற்றில், அருகே சென்று பார்த்தாற்றான், பியானோவென்று தோன்றியது வெறும் மரக்கூடென்பதும் அதனுள்ளே மின்விசைப்பலகையொன்று பொருத்தப்பட்டிருப்பதும் தெரியவரும். ஆகவே, கேளாமல் தொடுவதிலும் கேட்டுத் தொடுவதே நன்று. கேட்டவர்களுக்கு, அனைவரும் கரைக்குச் சென்றுவிட்ட துறைமுக நாட்களிலோ, காலை வேளையிலோ அனுமதி கிடைப்பதுண்டு.

கப்பலதிகாரிகள் தயங்குவதற்குத் தக்க காரணங்கள் உள. பியானோ பார்வைக்கு உறுதியான பொருள். இயல்பிலோ மிக நொய்தானது. அதன் 88 கட்டைகளுக்கும் ஏறத்தாழ 230 உருக்குத் தந்திகள் பூட்டப்பட்டுள்ளன. அவையனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை 20 தொன் அளவினது. அந்த விசையைத் தாங்கி நிற்பது இரும்புச் சட்டம். ஓசையைப் பெருக்கிக் கொடுப்பது மெல்லிய மரப்பலகை. கடற்காற்றின் ஈரத்தில் அப்பலகை ஊதும். குளிரூட்டப்பட்ட மண்டபத்தின் வரண்ட காற்றிற் சுருங்கும். ஊதினாற் சுருதி ஏறும், சுருங்கினால் இறங்கும். உப்புக் காற்றோ தந்திகளைத் துருப்பிடிக்கச் செய்யும். தரையிலே சுருதி கலைந்தால் அதனைச் சேர்ப்பவரை மறுநாளே அழைக்கலாம். நடுக்கடலில் யாரை அழைப்பது? கட்டைகளை ஓங்கி அடிக்கும் சிறுவர்களும், மூடியின்மேல் மதுக்கிண்ணத்தை வைத்துவிட்டு மறந்துபோகும் பெரியவர்களும் கப்பலிலே குறைவல்லர்.

இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்றுண்டு. அந்தப் பியானோ ஒருவருடைய தொழிற்கருவி. மாலைதோறும் அதன்முன் அமர்பவர் ஊதியம் பெறும் கலைஞர். தச்சனுடைய உளியை அவன் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பவர், எடுத்தவாறே திரும்பவும் வைத்துவிட வேண்டுமல்லவா? அயலாருடைய காதுகளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். தரையிலே பிடிக்காத இசையைக் கேட்பவன் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடுவான். கப்பலிற் சென்றொளிய வேறு தெரு ஏது? ஒரே மெட்டின் முதலடியை நாற்பது முறை பயிலும் ஒருவருக்குப் பக்கத்து அறைக்காரர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

ரஷ்ய இசைமேதை செர்கே ரக்மானினோவ் 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். தாம் புதிதாக இயற்றிய மூன்றாவது பியானோக் கொன்சேட்டோவை அங்கே அரங்கேற்ற வேண்டியிருந்தது. பயிற்சிக்கோ நேரம் போதவில்லை. ஓசையெழுப்பாத ஊமை விசைப்பலகையொன்றை அவர் உடன் கொண்டுசென்று, வழிநெடுக அதிலேயே விரல்களைப் பழக்கினார். நவம்பர் 28ஆந் தேதி நியூயோர்க் நகரில் அரங்கேற்றம் நடைபெற்றது. அவருடைய கப்பலில் அயலறையிற் பயணஞ் செய்தவர்கள் கொடுத்துவைத்தவர்களா, இழந்தவர்களா என்பது வேறு கேள்வி.

இனி, பழைய காலத்துப் பெருங்கப்பல்களை நோக்கினால், இக்கேள்விக்கு விடை சொல்லியது பிரயாணியின் வகுப்பே என்பது புலனாகும். 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் எட்டு வாத்தியக்காரர்கள் இருந்தனர். அவர்கள் மேல் வகுப்பாருக்கே வாசித்தனர். மூன்றாம் வகுப்பாருக்கு வாத்தியக்குழு இல்லை; பொதுவறையில் ஒரு பியானோ மட்டும் வைக்கப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்த பிரயாணி வாசித்தாலன்றி அது பேசாது. அங்கே அனுமதி கேட்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வறியவர்களின் பியானோவே அக்கப்பலிற் பிரயாணிகளுக்கு முற்றாக உரியதாயிருந்தது என்பது விந்தைதான்.

இரண்டாம் வகுப்பில் நிகழ்ந்ததை லோரன்ஸ் பீஸ்லி என்னும் விஞ்ஞான ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். ஏப்பிரல் 14, ஞாயிற்றுக்கிழமை. இராவுணவுக்குப் பின் கார்ட்டர் என்னும் பாதிரியார் விருப்பமுள்ளோரை உணவு மண்டபத்துக்கு அழைத்தார். ஏறக்குறைய 100 பேர் கூடினர். பியானோ வாசிக்க முன்வந்தவர் பிரயாணிகளுள் ஒருவரான இளம் ஸ்கொத்லாந்து எந்திரவியலாளர். மலைச்சாரலிற் பழத்தோட்டஞ் செய்துவந்த தம் சகோதரரிடம் போய்க்கொண்டிருந்தவர். வந்திருந்தோர் தத்தமக்கு விருப்பமான கீதங்களைக் கேட்க, அவர் வாசித்தார். கடலின் ஆபத்துக்களைப் பற்றிய கீதங்களையே பலர் கேட்டனர். பத்து மணியளவில், கோப்பியும் பிஸ்கோத்தும் பரிமாறுவதற்குப் பணியாளர்கள் காத்து நிற்பதைக் கண்ட பாதிரியார், மண்டபத்தை உபயோகிக்க இடமளித்தமைக்காகப் பிரயாணிகளின் காரியங்களைக் கவனிக்கும் அதிகாரியான பேர்சருக்கு நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தார்.

இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. பாதிரியாரும், பியானோ வாசித்த இளைஞரும், எட்டு வாத்தியக்காரர்களும் கரைசேரவில்லை. உயிர்தப்பிய பீஸ்லி அவ்வாண்டிலேயே வெளியிட்ட நூலில் அந்த மாலை நேரத்துப் பியானோவும், பேர்சருக்குக் கூறப்பட்ட நன்றியும் இடம்பெற்றுள்ளன.