ஒற்றியூர்க் கரையில் முழுமதி

பத்தாண்டு நிறைந்த இம்மன்றத்தில் நிலவைப் பாடாத கவிஞர் இரார். ஆயினும் நள்ளிரவில் கீழ்வானில் எழும் முழுமதியை அண்மைக் கவிதைகளில் காண நேர்கிறது. அது நிகழாத ஒன்று. கதிரவனுக்கு நேர் எதிரே திங்கள் நிற்பதே முழுமதி. ஆதலின் ஒன்று மறையும் வேளையில்தான் மற்றது எழும். புறநானூற்று 65ஆம் பாட்டில் கழாத்தலையார் இதனை நுட்பமாகக் கையாண்டுள்ளார். கரிகாலனொடு பொருது, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு, உவா நாள் மாலையில் திங்களை எதிர்நோக்கியவாறு மலையில் மறையும் ஞாயிறு உவமையாயிற்று. வானியல் பிழைபட்டிருப்பின் அத்துயரமும் பொய்த்திருக்கும்.

அந்த எதிர்நிலையே முழுமதிக்குப் பெயரும் தருகிறது. கார்த்திகையில் ஞாயிறு விருச்சிகத்தில் நிற்க, திங்கள் எதிரே கார்த்திகை மீனின் அருகில் நிறைகிறது. மாசியில் ஞாயிறு கும்பத்தில். திங்கள் சிம்மத்து மகத்தில். திருவொற்றியூரில் ஆண்டு முழுதும் கவசம் பூண்டிருக்கும் ஆதிபுரீசுவரர், கார்த்திகை முழுமதியையொட்டி மூன்று நாள்களே கவசமின்றிக் காட்சி தருகிறார்.

‘நீல நிலா’வோ இறக்குமதிச் சரக்கு. (துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்கு இறக்குமதி புதிதன்று.) ஓர் ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாம் முழுமதிக்கு அப்பெயர், நிறத்தோடு தொடர்பில்லை. 2023 ஆகஸ்டில் அவ்வாறு இரண்டு வந்தன. தமிழ்க் கணக்கில் முன்னது ஆடியினது, பின்னது ஆவணியினது, எதுவும் இரட்டிக்கவில்லை. மெய்யாகவே நிறம் மாறியதும் உண்டு. 1883இல் கிராக்கத்தோவா எரிமலை வெடித்தபின், காற்றில் பரவிய நுண்தூளால் சென்னையில் ஞாயிறு பச்சையாகத் தோன்றிற்று. உலகின் பல இடங்களில் நிலவு நீலமாயிற்று. செந்நிலவுக்குக் காரணம் வேறு. 2025 செப்டம்பர் 7 இரவு திங்கள் புவியின் நிழலுள் 82 நிமிடம் முழுதும் அமிழ்ந்தது. புவியின் காற்று மண்டலத்தில் வளைந்து சென்ற செவ்வொளியே அதனை எட்டியது. திங்களின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லா முழுமதியிலும் இது நேர்வதில்லை.

கவிஞர்க்கு இவை சொல்லழகு. எண்ணூர் மீனவர்க்குப் பிழைப்பு. வெள்ளுவாவிலும் காருவாவிலும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று இழுக்க, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் ஓதம் மிகுதியாக ஏறும். திங்கள் புவியை நெருங்கி நிறையும் நாளில், செய்தித்தாள்கள் ‘சூப்பர் மூன்’ என்று கொண்டாடும் அந்நாளில், இன்னும் சற்றே கூடும். கழிமுகத்து இறாலும் மீனும் இந்த ஏற்றவற்றத்தை நம்பியவை. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழங் குறைந்த ஆற்றில், ஓதம் ஏறவும் வடியவும் முன்போல் வழியில்லை என்று அம்மீனவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர்.