கிட்டாரும் மூச்சு வாங்கட்டும்



சாக்சபோன் ஊதுபவர் மூச்சு வாங்க நிறுத்தியாக வேண்டும். கிட்டாருக்கு அந்தக் கட்டாயமில்லை. அதனால்தான் பலர் இடைவிடாமல் மீட்டி, கேட்பவரைக் களைப்படையச் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் ஏழ்மையில் வளர்ந்தவர் சார்லி கிறிஸ்டியன். ஜாஸ் குழுக்களில் கிட்டார் பெரும்பாலும் தாளத்துக்கே துணைநின்ற காலம் அது. லெஸ்டர் யங்கின் சாக்சபோன் இசையில் மனம் பறிகொடுத்த அவர், மின்சாரக் கிட்டாரில் அதைப்போலவே வாசித்தார். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். 1942-இல், 25 வயதிலேயே, காசநோயால் மறைந்தார்.

கிட்டார் பழகும் பிள்ளைகளே! முதலில் வாயால் பாடுங்கள். ஒரே மூச்சில் பாடிய அளவே வாசித்து நிறுத்துங்கள். எல்லாச் சுரங்களையும் தனித்தனியே மீட்டாதீர்கள். ஒருமுறை மீட்டி, இடக்கை விரலை அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்ல விடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இடையில் நிறுத்தினால் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் கிட்டார் மூச்சு வாங்குகிறது.