கதிரின் மொழியும் கணினியின் செவியும்

களனி கங்கைப் பள்ளத்தாக்கிலே, ருவன்வெல்லைக்கு அண்மையில் உள்ள ஊர் கரவனெல்ல. இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த அப்பகுதியின் தோட்ட லயங்களிலே இன்று தொலைக்காட்சி புதுமையன்று. கூரைமேல் செய்மதித் தட்டும், கட்டிலின்மேல் ரிமோட்டும் கிடப்பதைக் காணலாம். பெட்டி பழுதடைந்தால், குறையேதுமில்லாத ரிமோட்டும் அதனுடன் குப்பைக்குப் போகிறது. அது பேசும் மொழி அந்தப் பெட்டி ஒன்றுக்கே விளங்கும் என்று மக்கள் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை என்பதை நேயர்கள் அறிதல் நன்று.

ரிமோட்டின் நுனியில் உள்ள சிறு விளக்கு உமிழ்வது செங்கீழ்க் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இதனைக் கண்டறிந்தார். நம் கண்ணுக்குப் புலப்படாத இக்கதிர், கைத்தொலைபேசிக் கமராக்கள் பலவற்றுக்குப் புலப்படும்.

வெயிலிலும் அடுப்புத் தீயிலும்கூடச் செங்கீழ்க் கதிர் உண்டு. அவற்றினின்றும் தன் குரலை வேறாக்குவதற்காக, ரிமோட் தன் விளக்கைச் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை மினுக்குகிறது. மூன்று கால்களையுடைய ஏற்பி என்னும் சிற்றுறுப்பு அந்த மினுக்கலை மட்டும் பிரித்தறிந்து, "ஒளி வந்தது", "ஒளி நின்றது" என்னும் இரண்டே செய்திகளைக் கணினிக்குத் தருகிறது. அவற்றைக் கேட்டு இயக்குதளத்துக்கு உரைக்கும் மென்பொருளே டிரைவர். தோட்டத்தில் டிரைவர் என்றால் லொறி ஓட்டுபவரே நினைவுக்கு வருவார். தன் வண்டியின் குணம் அறிந்தவர் அவர்; இந்த டிரைவரும் தன் கருவியின் குணம் அறிந்ததே.

அது செய்யும் வேலை யாது? ஒளி மாறுந்தோறும் கணினியை ஒரு கணம் இடைமறித்து, நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் 9 மில்லிசெக்கன் ஒளி, பின்னர் 4.5 மில்லிசெக்கன் மௌனம். அதன்பின் ஒளித் துடிப்புகள் யாவும் ஒரே அளவின. இடைப்பட்ட மௌனமே பொருளைச் சொல்கிறது. மௌனம் குறுகினால் பூச்சியம், ஏறத்தாழ மும்மடங்கு நீண்டால் ஒன்று. கட்டளையை அனுப்பியபின் அதன் தலைகீழ் வடிவத்தையும் அனுப்புவதால், இரண்டும் ஒவ்வாவிடின் பிழை வெளிப்படும்.

இங்கேதான் டிரைவர் எழுதுவோர் இடறுவர். கடைசித் துடிப்பு முடிந்தபின் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. மாற்றத்தை மட்டும் எதிர்பார்த்திருக்கும் டிரைவர், பேச்சு முடிந்ததை அறியாமலே காத்திருக்கும். ஆதலின் குறித்த நேரம் கடந்ததும், "இனி மௌனமே" என்று அது தானாக அறிவித்தல் வேண்டும். விரலை எடுத்ததையும் இவ்வாறே ஊகிக்க வேண்டும். ரிமோட் அதனைத் தனியே சொல்வதில்லை. ஊகம் தவறினால் ஒலி கூடிக்கொண்டே போகும்! அன்றியும் ஏற்பிகள் துடிப்புகளைச் சற்று நீட்டியோ குறுக்கியோ தருவன. கணக்கிலே தளர்வு இல்லாத டிரைவர் நல்ல ரிமோட்டையும் பழுதென்று தள்ளிவிடும்.

லினக்ஸ் இயக்குதளத்தில் முன்னர், தொலைக்காட்சி அட்டைகளின் டிரைவர்கள் பல, தத்தம் ரிமோட்டின் மொழியைத் தாமே பெயர்த்துவந்தன. எல்லா மொழிகளையும் பொதுவாகக் கேட்கவல்ல லிர்க் என்னும் தொகுதியோ, பத்தாண்டுகளுக்கு மேலாக இயக்குதளத்தின் கருவுக்கு வெளியிலேயே நின்றது. 2010ஆம் ஆண்டில் மௌரோ கார்வால்யோ ஷெஹாப், ஜரோட் வில்சன் முதலானோர் முயற்சியால் பொது அமைப்பு ஒன்று கருவினுள் இடம்பெற்றது. அது முதல் டிரைவரின் கடன் காலத்தை அளந்து சொல்லுதல். மொழிபெயர்ப்பது பொது அமைப்பின் கடன். எந்தப் பொத்தானுக்கு எந்தச் செயல் என்பது தனி அட்டவணை. இந்தப் பிரிவினையே மிகப் பெரிய நன்மை. செய்தவர் கைவிட்ட ரிமோட்டும் இதனால் பிழைத்துக்கொள்கிறது. 2018இல் ஷோன் யங் மேலும் ஒரு வழியைத் திறந்தார்: வழக்கில் இல்லாத ஒரு மொழிக்கான சிறு நிரலைப் பயனரே ஏற்றலாம், தீங்கற்றதா என்று சோதித்த பின்னரே கரு அதனை ஓடவிடும்.

கரவனெல்லப் பாடசாலை மாணவர் ஒருவர் இதனைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஒன்று, மூன்று கால் ஏற்பி ஒன்று, வீசியெறிந்த ரிமோட் ஒன்று போதும். ஏற்பிக்கு 3.3 வோல்ற்று மின்னழுத்தமே கொடுக்க வேண்டும். 5 வோல்ற்றைக் கொடுத்தால் கணினியின் முனை பழுதாகக்கூடும். இதற்கான டிரைவர் லினக்ஸில் ஏற்கெனவே உண்டு. ஒரே பொத்தானைப் பத்து முறை அழுத்தி, ஒளிக்கும் மௌனத்துக்கும் உரிய நேரங்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கட்டும். பத்து வரிசைகளிலும் எண்கள் சற்றே வேறுபடும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்பதே அவர் தீர்மானிக்க வேண்டிய முதற் கணக்கு.