கையும் மொழியும் கூடுக!
(ஆனைமலையில் ஆசிரியர்முன் ஆற்றிய உரை)



பரம்பிக்குளம்–ஆழியாற்றுத் திட்டம் நம் மலைநீரைக் கீழ்த்திசைக்குத் திருப்புகின்றது. தூணக்கடவினின்று சுரங்கவழி இறங்கும் நீர், சர்க்கார்பதியிற் சுழலியைச் சுழற்றி மின்னாற்றல் தந்து, பின்னர்க் கால்வாய்வழித் திருமூர்த்தி அணையை அடைகின்றது. நிலையாற்றல் இயக்கவாற்றலாகி, அதுவே மின்னாற்றலாகும் பாடம் இதுவன்றோ? ஆயினும் நம் மாணவர் அப்பாடத்தை நெட்டுருச் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவிட்டு மறந்துபோகின்றனர். ஏன்? கற்ற சொல் அவர்க்குப் பொருள் விளக்கவில்லை. அவர் கை ஒரு சிறு நீருருளையையேனும் சுழற்றியதுமில்லை.

தமிழில் அறிவியல் இயலுமோ என ஐயுறுவார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் பயிற்றிய அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். தமிழிற் பயின்றோரே ஊரில் தங்கி ஊர்மக்கட்குத் தொண்டாற்றுவர் எனத் தெளிந்து, 1864-இல் தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் பயின்றார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களும் தொகுத்தார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

மொழி மட்டும் போதாது, கையும் பழகல்வேண்டும். கோவையை அடுத்த கலங்கலிற் பிறந்த கோ. து. நாயுடு, கல்லூரி காணாதவர். பொறிகளைக் கழற்றிப் பூட்டியே நுட்பம் கற்றார். நம் பள்ளிகளிலோ ஆய்வுக்கருவிகள் பேழைக்குள் பூட்டுண்டு கிடக்கின்றன. உடைந்துவிடுமென அஞ்சற்க! கருவியை மீண்டும் வாங்கலாம்; பிள்ளையின் வினவும் வேட்கை அவிந்தால் மூட்டுதல் அரிது.

ஆதலின், கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் செய்முறைக்கே ஒதுக்குக. அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, கலைச்சொல் ஒவ்வொன்றின் வேரையும் மாணவர்க்கு விளக்குக. சர்க்கார்பதிக்கு அவர்களை அழைத்துச் சென்று காட்டுக. பேழைகள் நாளையே திறக்கட்டும்!